சுருக்கும் உரிமை யாருக்கு?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் ஒழுக்கத்தையும் உழைப்பையும் பற்றிப் பேசுவது வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அவற்றை நன்றாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் கணக்குப் பாடத்திலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். ‘சுருக்குக’ என்பதே அச்சொல். கணக்குப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படுகின்ற சொல். இன்று நம்மைக் கேட்காமலே யந்திரங்கள் செய்துகொண்டிருக்கும் வேலையும் அதுதான்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சைக் கேளுங்கள். பையன் பள்ளியிலிருந்து வருகிறான். அன்று சிறு சோதனை. மொத்தம் 8 கணக்குகள், 6 சரி. கால்குலேட்டரில் 6-ஐ மேலும் 8-ஐக் கீழும் போட்டுத் தட்டுகிறான்.

“என்னப்பா, சோதனை எப்படி?”

“நாலுக்கு மூணும்மா.”

“நாலே கணக்கா குடுத்தாங்க?”

“இல்லம்மா, எட்டு. கால்குலேட்டர்ல அப்படித்தான் வருது.”

6/8 என்பதும் 3/4 என்பதும் மதிப்பில் ஒன்றே. அதில் ஐயமில்லை. ஆனால் எட்டில் ஆறு சரி என்பது ஒரு செய்தி. நாலில் மூன்று சரி என்பது வேறொரு செய்தி. எட்டில் ஆறு என்றால் தவறிய கணக்குகள் இரண்டு. அந்த இரண்டையும் தேடிப் பிடித்துத் திருத்த வேண்டும். நாலில் மூன்று என்று சுருக்கிவிட்டால் தவறியது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. யந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தாய்க்கு வேண்டிய செய்தி காணாமல் போய்விட்டது. இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

கால்குலேட்டர் எண்களை வைத்துக் கணக்குப் போடும். எழுத்துகளை வைத்தே கணக்குப் போடும் கணினி நிரல்களும் உண்டு. அவற்றைக் கணினி இயற்கணித முறைகள் என்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடித்து முதலாம் படிவத்துக்குப் போனவுடன் ‘இயற்கணிதக் கோவைகள்’ என்ற பாடம் வரும் அல்லவா? அங்கே எக்ஸ், வை என்று எழுதுவோம். இந்தப் பேச்சில் அவற்றுக்குப் பதிலாக அ, இ என்று நம் எழுத்துகளையே வைத்துக்கொள்வோம். அந்தக் கோவைகளைப் பெருக்கவும், பிரிக்கவும், அவற்றைக் கொண்டு சமன்பாடு தீர்க்கவும் தெரிந்த நிரல்கள் இவை.

இவை நேற்றுப் பிறந்தவை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ‘மாக்சிமா’வின் மூதாதையான ‘மாக்சைமா’ என்ற நிரலின் வேலை 1968-இல் தொடங்கியது. வில்லியம் ஷெல்டர் என்ற பேராசிரியர் அதன் ஒரு வடிவத்தை 1982 முதல் 2001-இல் தாம் மறையும் வரை பேணிக் காத்தார். அதை எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்த 1998-இல் அனுமதியும் பெற்றார். இன்று ‘மாக்சிமா’ என்ற பெயரில் கிடைப்பது அதுவே. ‘மேத்தமேட்டிக்கா’ 1988-இல் வெளிவந்தது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ‘சிம்பை’ இந்த நூற்றாண்டுப் பிள்ளை, அதுவும் இலவசம். வீட்டில் ஒரு சாதாரணக் கணினி இருந்தால் போதும்.

இந்த நிரல்களில் அ + அ என்று தட்டினால் 2அ என்று வரும். அ × அ என்றால் அ². அ − அ என்றால் 0. அ/அ என்றால் 1. நாம் ‘சுருக்கு’ என்று சொல்லவே இல்லை. அதுவாகவே சுருக்கிவிடுகிறது. இதற்குத் தானியங்கிச் சுருக்கம் என்று பெயர்.

ஏன் இப்படிச் செய்கிறது? காரணம் உண்டு. ஒரு நீண்ட கணக்கின் நடுவே அ − அ என்பது சும்மா கிடந்தால், அடுத்தடுத்த படிகளில் அது பெருகிப் பெருகிக் கோவை பக்கக்கணக்கில் நீண்டுவிடும். இரண்டு கோவைகள் ஒன்றா, வேறா என்றும் யந்திரத்துக்குத் தெரியாமல் போகும். ஆகவே அவ்வப்போது வீட்டைப் பெருக்குவது போல அது கூட்டித் துடைத்துக்கொண்டே போகிறது. வீடு பெருக்குவது நல்ல காரியந்தான். ஆனால் மேசைமேல் கிடந்த துண்டுத்தாளையும் குப்பையென்று அள்ளிப் போட்டுவிட்டால்? அந்தத் தாளில் அப்பா யாருடைய தொலைபேசி எண்ணையோ எழுதி வைத்திருந்தால்? பெருக்கியவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அது தாள். எழுதியவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்படிக் காணாமல் போகக்கூடியவை எவை? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கேள்வியே காணாமல் போகும். ஓர் ஆசிரியை பயிற்சித்தாள் தயாரிக்கிறார். ‘2அ + 3அ: சுருக்குக’ என்று அச்சிட வேண்டும். நிரலில் 2அ + 3அ என்று கொடுக்கிறார். தாளில் 5அ என்று வந்து நிற்கிறது. பிள்ளைகளுக்குக் கேள்வி வேண்டும். யந்திரமோ விடையைக் கொடுத்துவிட்டுத் தன் கடமை முடிந்தது என்கிறது.

இரண்டாவது, உண்மையே காணாமல் போகும். மாணவர்களே, பென்சிலை எடுத்து என்னோடு எழுதுங்கள். அ = இ என்று வைத்துக்கொள்வோம்.

இரு பக்கத்தையும் அ-ஆல் பெருக்கினால்: அ² = அ × இ

இரு பக்கத்திலும் இ² கழித்தால்: அ² − இ² = அ × இ − இ²

காரணிப்படுத்தினால்: (அ + இ)(அ − இ) = இ(அ − இ)

இரு பக்கத்திலும் உள்ள (அ − இ)-ஐ அடித்துவிட்டால்: அ + இ = இ

அ-வும் இ-யும் சமம் ஆதலால்: 2இ = இ. அதாவது 2 = 1.

இரண்டு வெள்ளியைக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளிப் பொருளோடு வீட்டுக்கு வந்தால் அம்மா சும்மா விடுவாரா? எங்கே பிசகியது? நான்காவது படியில்தான். அ-வும் இ-யும் சமம் என்றால் அ − இ என்பது பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கக்கூடாது என்பது நமக்குத் தெரியும். அடித்த கை அதை மறந்துவிட்டது. அதே கோவையை, (அ − இ)/(அ − இ) என்று, யந்திரத்திடம் கொடுத்துப் பாருங்கள். ‘அ-வும் இ-யும் சமமாக இருந்தால் என்ன செய்வது?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் 1 என்று எழுதிவிடும். பெரும்பாலான நேரங்களில் அது சரியாக இருக்கும். சரியாக இல்லாத அந்த ஒரு நேரத்தில் நமக்கு எச்சரிக்கை எதுவும் வராது.

இங்கே யந்திரத்துக்கும் நியாயம் சொல்லவேண்டும். சில இடங்களில் அது நம்மைவிடக் கவனமாகவே நடக்கிறது. √அ² என்பதை அ என்று எழுதிவிட நம் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும். அ என்பது −3 ஆனால் அ² என்பது 9; அதன் வர்க்கமூலம் 3; −3 அல்ல. ஆகவே ‘சிம்பை’ அதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கும். ‘அ மிகை எண்’ என்று நாம் முன்கூட்டியே சொன்னால்தான் அ என்று சுருக்கும். ‘மாக்சிமா’வோ குறியை நீக்கிய மதிப்பு என்று பொருள்படும்படி |அ| என்று எழுதும். நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை யந்திரத்திடம் தெளிவாகச் சொன்னால் அதற்கேற்ப அது நடக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

மூன்றாவது, வந்த வழி காணாமல் போகும். நம் சாலாக் செலாத்தான் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் செப்புத்தே, மிட் வேலி, அதன் பிறகு கே.எல். சென்ட்ரல். ஏறியவுடன் தூங்கிவிட்டுச் சென்ட்ரலில் கண்விழித்தவரும் ஊர் போய்ச் சேர்ந்தவர்தான். ஆனால் நாளைக்குச் செப்புத்தேயில் இறங்க வேண்டும் என்றால் அவர் யாரையாவது கேட்டுத்தான் ஆகவேண்டும். கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்து விடையை வாங்கிக்கொள்ளும் பிள்ளையின் நிலையும் இதுவே. விடை வந்துவிட்டது. வழியில் என்னென்ன நிலையம் இருந்தது என்று தெரியாது. இடைநிலைப்பள்ளித் தேர்வில் விடைக்கு மட்டுமா புள்ளி? வழிமுறைக்கும் புள்ளி உண்டே!

நிற்க. ‘சுருக்கம்’ என்கிறோமே, எது சுருக்கம்? அதையாவது எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்களா? அதுவும் இல்லை. (அ¹⁰⁰ − 1)/(அ − 1) என்ற கோவையைப் பாருங்கள். ஒரே வரியில் அடங்குகிறது. இதை வகுத்து விரித்து எழுதினால் அ⁹⁹ + அ⁹⁸ என்று தொடங்கி 1-இல் முடியும் 100 உறுப்புகள் வரும். வகுத்தல் குறி போய்விட்டது, ஆகவே இதுதான் எளியது என்பார் ஒருவர். நூறு உறுப்பை யார் படிப்பது, முன்னதே எளியது என்பார் மற்றவர். இரண்டு பேர் சொல்வதும் சரி. எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

இந்த வழக்கை 1971-இல் ஜோயல் மோசஸ் என்ற அறிஞர் சுவையாக எழுதினார். ‘மாக்சைமா’வை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர், 2022-இல் காலமானார். அன்றிருந்த இயற்கணித நிரல்களை அவர் அரசியல் கட்சிகளைப் போல் ஐந்து அணிகளாகப் பிரித்துக் காட்டினார். எந்தக் கோவை வந்தாலும் ஒரே அச்சில் வார்த்து எடுப்பவர்கள் தீவிரப்போக்கினர். எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் பொருந்தும் சுருக்க விதி என்று ஒன்று கிடையாது, ஆகவே யந்திரம் கையை அடக்கிக்கொண்டு பயனாளரின் விருப்பத்துக்கு விடவேண்டும் என்பவர்கள் பழமைவாதிகள். இவர்களைத் தவிர புதிய இடதுசாரிகள், தாராளவாதிகள், அனைவரையும் அரவணைப்போர் என்று மற்ற மூன்று அணிகள். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

முழுவதும் தீரவும் தீராது என்றே சொல்லலாம். டேனியல் ரிச்சர்ட்சன் என்ற கணித அறிஞர் 1968-இலேயே ஓர் உண்மையை நிறுவிக் காட்டினார். சைன், அடுக்குக்குறிச் சார்பு, குறி நீக்கிய மதிப்பு முதலியவை கலந்த கோவை எதைக் கொடுத்தாலும், அது எங்கும் பூச்சியந்தானா என்று தவறாமல் சொல்லும் பொதுவான செய்முறை ஒன்று இருக்கவே முடியாது என்பதே அது. எவ்வளவு வேகமான கணினி வந்தாலும் இந்தச் சுவர் நகராது. ஆகவே ‘யந்திரம் பார்த்துக்கொள்ளும்’ என்று கைகழுவுவதற்கு இங்கே வழியில்லை.

சரி, இதை அடக்குவதற்கு வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நிரல்களை ஆக்கியவர்களே அதற்கு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறார்கள். ‘சிம்பை’யில் ‘எவாலுவேட்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால் ‘மதிப்பிடாதே, கொடுத்தபடி வை’ என்று பொருள். ‘மாக்சிமா’வில் ‘சிம்ப்’ என்ற அமைப்பை அப்படியே மாற்றலாம். ‘மேத்தமேட்டிக்கா’வில் ‘ஹோல்ட்’ என்ற கட்டளை. பிடித்து நிறுத்து என்று அர்த்தம். அந்த ஆசிரியை இதைத் தெரிந்துகொண்டால் 2அ + 3அ என்ற கேள்வி கேள்வியாகவே தாளில் இறங்கும்.

கடிவாளம் இருந்தால் மட்டும் போதாது, பிடிக்கவும் தெரியவேண்டும். ‘சிம்பை’யில் ஒரு கோவையைச் சுருக்காமல் நிறுத்திவிட்டு, அடுத்த படியில் அதோடு வேறொன்றைக் கூட்டினால், அந்த நேரத்தில் அது மீண்டும் சுருங்கிவிடக்கூடும். நிலையாக நிறுத்தத் தனி உறை ஒன்று உண்டு. அதில் போட்டு வைத்தால், ‘டூ இட்’ என்று நாம் அவிழ்க்கும்வரை கோவை கலையாது. இன்னொன்று: நிறுத்தி வைத்த அ + அ-வையும் 2அ-வையும் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒன்றா என்று கேட்டால், யந்திரம் ‘இல்லை’ என்றே சொல்லும். அது எழுத்தைப் பார்க்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. ஆக, எப்போதும் கட்டி வைத்தாலும் வேலை நடக்காது. எப்போதும் அவிழ்த்து விட்டாலும் பொருள் சிதறும். எப்போது கட்டுவது, எப்போது அவிழ்ப்பது என்ற முடிவு கணக்கின் நோக்கம் தெரிந்த மனிதனுடையது.

அன்பர்களே, இதைக் கேட்டுவிட்டு இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தமிழில் எண்களுக்கு வழங்கும் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எட்டில் ஒன்றை நாம் என்னவென்று சொல்கிறோம்? அரைக்கால். அதாவது காலில் அரை. பாதியையும் காலையும் பெருக்கிய கணக்கு அந்தப் பெயருக்குள்ளேயே சுருக்கப்படாமல் இருக்கிறது. முக்கால் என்பது மூன்று கால். எட்டில் ஏழு என்றால் முக்காலே அரைக்கால். கூட்டல் கணக்கு அப்படியே நிற்கிறது. இன்னும் அழகானது மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டுங்கள். எண்பதில் நாலும் எண்பதில் ஒன்றும் எண்பதில் ஐந்து; அதாவது பதினாறில் ஒன்று. மாகாணியின் அளவும் பதினாறில் ஒன்றுதான்! சுருக்கிய விடையையும் சுருக்காத வழியையும் ஒரே சொல்லில் பொதிந்து வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். எண்சுவடி படித்த பிள்ளை பெயரைச் சொல்லும்போதே வழியையும் சேர்த்துச் சொன்னது. பாட்டி தாத்தா இருக்கும் வீட்டில் இன்றிரவே கேட்டுப் பாருங்கள், மாணவர்களே. இன்னும் எத்தனை பெயர்கள் கிடைக்கின்றன என்று.

அடுத்து, நாம் எல்லாரும் பெருமையோடு சொல்லும் பெயர் ஒன்று: இராமானுஜன். 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1920-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்த மேதை. அவர் மருத்துவமனையில் இருந்தபோது பேராசிரியர் ஹார்டி பார்க்க வந்ததும், தாம் வந்த டாக்சியின் எண் 1729, சுவையற்ற எண்போலும் என்றதும், இல்லையில்லை, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதங்களில் எழுதக்கூடிய எண்களில் இதுவே மிகச் சிறியது என்று இராமானுஜன் சொன்னதும் நீங்கள் கேட்ட கதைதான். 1³ + 12³ என்பது ஒரு விதம். 9³ + 10³ மற்றொரு விதம்.

இப்போது 1³ + 12³ என்பதைக் கணினியில் தட்டுங்கள். 1729 என்று வரும். 9³ + 10³ என்று தட்டுங்கள். அதற்கும் 1729. முடிந்தது. இராமானுஜன் கண்ட அழகு அத்தனையும் அந்தக் கூட்டலின் வடிவத்தில் இருந்தது. யந்திரம் அதைத்தான் முதல் வேலையாகத் துடைத்துவிட்டது. ‘சிம்பை’யில் கடிவாளம் போடலாமே என்றால், அங்கே பைத்தான் மொழியே முந்திக்கொண்டு கூட்டிப் பெருக்கி 1729-ஐத்தான் ‘சிம்பை’யிடம் ஒப்படைக்கும். கோவையை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்து, மதிப்பிடாதே என்றும் சேர்த்துச் சொன்னால்தான் வடிவம் தப்பும்.

அவர் வாழ்விலேயே இதற்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. காகிதம் வாங்க வசதி போதாமல் சிலேட்டில் கணக்குப் போடுவாராம். போட்டதை முழங்கையால் அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவாராம். முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வாராம். அந்த நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிறுவல் இல்லை. அந்த முடிவுகளுக்கு வழி தேடிக் கொடுக்க எத்தனை பேர் உழைத்தார்கள் தெரியுமா? அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து எழுதிய ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் 1976-இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுத்த தாள்களுக்காக இருவரும் சேர்ந்து எழுதிய மேலும் ஐந்து தொகுதிகள் 2005-இல் தொடங்கி 2018-இல்தான் நிறைவுற்றன. ஒரு முழங்கை அழித்த வழியை மீட்க இத்தனை ஆண்டுகள்! அவர் வறுமையினால் அழித்தார். கைநிறையத் தாளும் கணினியும் வைத்திருக்கும் நாம் எதற்காக அழிக்க வேண்டும்?

ஆகவே மாணவச் செல்வங்களே, யந்திரத்தைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தொடுங்கள். ஆனால் விடை வந்ததும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ‘எந்த வழியாக வந்தாய்? வழியில் எதை அடித்தாய்?’ பூச்சியமாக இருக்கக்கூடிய எதையாவது அடித்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் நோட்டில் படிகளை அழிக்காதீர்கள். தவறிய படியையும் ஒரு கோடு கிழித்து அப்படியே விடுங்கள். உங்களுக்கு எங்கே உதவி வேண்டும் என்பது ஆசிரியருக்கு அதிலிருந்துதான் தெரியும்.

பெற்றோர்களே, மளிகைக் கடையில் ‘மொத்தம் நாற்பத்தேழு வெள்ளி’ என்று மட்டும் சொன்னால் நீங்கள் பணத்தை எடுத்து நீட்டுவீர்களா? ‘என்னென்ன போட்டீங்க?’ என்று கேட்பீர்கள் அல்லவா? தவணைப் புத்தகம் வீட்டுக்கு வரும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள். ‘எத்தனை புள்ளி?’ என்பதோடு நிறுத்திவிடாமல் ‘எந்தக் கணக்கு வரலை? எந்த இடத்துல நின்னுச்சு?’ என்று கேளுங்கள். ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பை ஒரே எண்ணாகச் சுருக்குவதும் தானியங்கிச் சுருக்கம்தான். இன்று இம்மேடையில் பரிசு வாங்கும் பிள்ளையும் சரி, கீழே அமர்ந்து கைதட்டும் பிள்ளையும் சரி, அந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிட மாட்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, கணினியறையில் இந்த இலவச நிரல்களில் ஒன்றை அமைத்துத் தாருங்கள். ஒருமுறை சுருக்கவிட்டும், ஒருமுறை நிறுத்தி வைத்தும் காட்டுங்கள். இரண்டு விடைகளும் திரையில் பக்கம் பக்கமாக நிற்கும்போது, எதை எப்போது சுருக்கலாம் என்று பிள்ளைகளே வாதாடத் தொடங்குவார்கள். அந்த வாதத்தில் ஒரு பாடவேளை போனாலும் நட்டமில்லை.

என் உரையையும் இத்துடன் சுருக்கிக்கொள்கிறேன். இந்தச் சுருக்கத்துக்கு மட்டும் யாரும் ஆட்சேபம் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்! பரிசு பெறும் அனைவருக்கும் வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கு முன்கூட்டிய வாழ்த்துகள்.